தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறோம்?

ஜனத்தொகைக் கணக்கெடுப்பு என்றாலே இப்போது எல்லோரும் சாதிக் கட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டீக்கடையிலும் அதுதான், ஆபீஸ் காண்டீனிலும் அதுதான். 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து 2025 ஜூனில் மத்திய சர்க்கார் அறிவிக்கை வெளியிட்டதிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. பேசட்டும், பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் கணக்கெடுப்பில் வழக்கமாகக் கேட்கப்படும் இன்னொரு கேள்வி உண்டு. "உங்கள் தாய்மொழி என்ன?" அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை.

"நமக்கென்ன யோசனை? தமிழ் என்று சொன்னால் தீர்ந்தது" என்பீர்கள். 2011 கணக்குப்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 21 லட்சம் பேர். அந்தத் தொகை குறையக்கூடாது என்ற கவலை நமக்கு உண்டு. இருப்பதில் தவறும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் "தமிழர் வீடு" என்று சொல்லும் வீடுகளில் எத்தனை விதப் பேச்சு இருக்கிறது என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த பட்டுநூல்காரர் வீட்டில் சௌராஷ்டிரம். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த பல வீடுகளில் தெலுங்கு. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடி நம்மையெல்லாம் கட்டிப்போட்ட டி.எம். சௌந்தரராஜனுக்கு வீட்டுப் பேச்சு சௌராஷ்டிரம். 'காதுகள்' நாவலுக்காக 1993ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற எம்.வி. வெங்கட்ராமுக்கும் அதுவே. இதனால் அவர்கள் தமிழுக்குச் செய்த தொண்டில் குன்றிமணி அளவாவது குறைந்து போயிற்றா?

அந்தச் சௌராஷ்டிர மக்கள் 2011 கணக்கில் 2,47,702 பேர். கணக்குப் புத்தகத்தில் அவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? குஜராத்தி என்ற தலைப்பின் கீழே! நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டில் தறி நெய்கிறவர்கள், குஜராத்திப் பத்திரிகையைக் கொடுத்தால் படிக்கத் தெரியாதவர்கள், குஜராத்தி பேசுவோரின் கூட்டுத்தொகைக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நான் இன்று முக்கியமாக எழுத வந்தது இன்னொரு மொழியைப் பற்றி. அது நீலகிரியில் பேசப்படும் படுகு மொழி.

என்னோடு வேலை பார்ப்பவர்களில் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஒருவர் இருக்கிறார். அவர் ஊருக்கு டெலிபோனில் பேசும்போது பக்கத்து மேஜைக் கன்னட நண்பர் சிரிப்பார். "நம்ம கன்னடத்தையே கொஞ்சம் மலையேற்றி இறக்கியிருக்கிறீர்கள்" என்பார். அடுத்த மேஜைத் தமிழரோ, "தமிழ்நாட்டுக்காரர் என்கிறீர்கள், பேசுவது ஒன்றும் புரியவில்லையே சார்" என்பார். இருவரும் விளையாட்டாகத்தான் சொல்கிறார்கள். நண்பரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கன்னடக்காரருக்கு அது கலப்படக் கன்னடம், தமிழருக்கு அது தமிழே அல்ல. அது தனக்கென்று ஒரு மொழி என்று சொல்ல அந்த அறையில் அவர் ஒருவர்தான். அவருடைய பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் தெருவில் கன்னடமும் விளையாட்டுத் தோழர்களோடு தமிழும் பேசுகின்றன. பாட்டியோடு பேசுவதற்கு மட்டும் அப்பா நடுவே நின்று மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது.

கன்னட நண்பர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பெங்களூரில் நாலு மாதம் குடியிருந்தவர்கள்கூட ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நம் 'பால்' இங்கே 'ஹாலு', நம் 'பூ' இங்கே 'ஹூவு'. நாம் 'ப' சொல்லும் இடத்தில் கன்னடம் 'ஹ' சொல்கிறது. படுகிலும் பால் 'ஹாலு'தான். நம் ஊர்ப் 'பட்டி' அங்கே 'ஹட்டி'. படுகர்கள் தங்கள் கிராமத்துக்குச் சொல்லும் பெயரே அது. பண்டிகைக்குக் கன்னடத்தைப் போலவே 'ஹப்பா'. நம் 'வா' கன்னடத்தில் அழுத்திச் சொல்லும் 'பா' ஆவது போல, 'வடக்கு' என்பதும் 'படகு' ஆகிறது. படகர், படுகர் என்ற பெயருக்கே வடக்கிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். விஜயநகரம் 1565ல் வீழ்ந்த பிறகு மைசூர்ச் சீமையின் தென்பகுதியிலிருந்து மலையேறியவர்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. 1603ல் நீலகிரிக்குப் போன ஃபெனிசியோ என்ற இத்தாலியப் பாதிரியார் படுகர் ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே அதற்கு முன்பே அங்கே குடியேறிவிட்டார்கள்.

சரி, நானூறு ஆண்டுகளுக்கு மேல் மலைமீது தனியே வாழ்ந்த ஒரு பேச்சு கீழ்நாட்டுப் பேச்சாகவே இருக்குமா? எமனோ என்ற அமெரிக்க மொழியியல் பேராசிரியர் 1930களில் நீலகிரியில் சில ஆண்டுகள் தங்கித் தோடர், கோத்தர், படுகர் பேச்சுகளை ஆராய்ந்தார். படுகு மொழியின் உயிரெழுத்துகளைப் பற்றி 1939ல் அவர் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் பேர் பெற்றது. நாம் 'ட', 'ள', 'ழ' சொல்ல நாக்கை மேலே மடிக்கிறோம் அல்லவா? படுகர்கள் அ, இ, உ முதலிய உயிரெழுத்துகளையே நாக்கை மடித்துச் சொல்வதை அவர் கண்டார். அதிலும் கொஞ்சம் மடிப்பது, நிறைய மடிப்பது என்று இரண்டு அளவு. உலகில் வெகு அபூர்வமான விஷயம் இது. கன்னடத்தில் இது கிடையாது, தமிழிலும் கிடையாது. இன்றைக்கு இளம் வயதுப் படுகர்களின் பேச்சில் அந்த மடிப்பு பெரும்பாலும் போய்விட்டது என்கிறார்கள் பின்னால் ஆராய்ந்தவர்கள். மலையில் இருந்த காட்டைப் போல, இருந்ததற்குச் சாட்சி புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகங்களும் இல்லாமல் இல்லை. மங்களூர் பாசல் மிஷன் அச்சகம் 1890லேயே லூக்கா சுவிசேஷத்தைப் படுகு மொழியில், கன்னட எழுத்தில் அச்சிட்டது. பால் ஹாக்கிங்ஸ் என்ற மானிடவியல் பேராசிரியரும் பிலோ-ரைசூர் என்ற பிரெஞ்சு அம்மையாரும் சேர்ந்து 1992ல் பெரிய படுகு-ஆங்கில அகராதியே கொண்டுவந்தார்கள். கோத்தகிரியை அடுத்த பேரகணியில் ஹெத்தை அம்மன் பண்டிகை நடக்கும்போது வெள்ளை உடுத்தித் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இது அழியப்போகிற சமூகம் என்று சொல்லமாட்டார்கள். நீலகிரித் தொகுதிக்கு 1962லேயே அக்கம்மா தேவி என்ற படுகப் பெண்மணி பார்லிமெண்ட் உறுப்பினரானார். சினிமா ரசிகர்களுக்குச் சாய் பல்லவியின் பெயர் போதும். அவரும் கோத்தகிரிப் படுகர் குடும்பம்தான். தேயிலைத் தோட்டம், கல்லூரிப் படிப்பு, உத்தியோகம் என்று முன்னேறிய சமூகம். சமூகம் முன்னேறுகிறது, பேச்சு தேய்கிறது. 2001 கணக்கில் படுகு பேசுவோர் 1 லட்சத்து 34 ஆயிரம். பத்து ஆண்டு கழித்து 2011ல் 1 லட்சத்து 33 ஆயிரம். நாட்டின் ஜனத்தொகை பெருகிய பத்து ஆண்டில் இது ஓர் ஆயிரம் இறங்கியிருக்கிறது. ஐ.நா. கல்வி, பண்பாட்டு நிறுவனமான யுனெஸ்கோ ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது.

இந்த 1 லட்சத்து 33 ஆயிரம் பேரையும் கணக்குப் புத்தகத்தில் கன்னடம் என்ற தலைப்பின் கீழேதான் வைத்திருக்கிறார்கள். கால்டுவெல் பாதிரியார் 1856ல் தம் ஒப்பிலக்கணத்தில் துளுவைத் தனி மொழியாக எண்ணினார். படுகைக் கன்னடத்தின் கிளையாகத் தள்ளினார். அன்று விழுந்த கோடு இன்றும் கிடக்கிறது. துளுவுக்கும் குடகுக்கும் கர்நாடகத்தில் 1994ல் அகாதமி அமைத்தார்கள். படுகர் இருப்பது தமிழ்நாட்டில், கணக்கில் சேர்ந்திருப்பது கன்னடத்தில். இரண்டு ராஜ்யத்துக்கும் நடுவே நிற்கும் பிள்ளைக்கு யார் சோறு போடுவார்?

இந்த இடத்தில் நம்மவர் சிலருக்கு உற்சாகம் வரும். "பார்த்தீர்களா, கன்னடம் தன் கணக்கைப் பெருக்க மலைமேல் இருப்பவர்களையும் விடவில்லை!" என்பார்கள். பொறுங்கள். அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளித் தமிழ் என்ற தலைப்பைப் பாருங்கள். அதன் கீழே இருளர் மொழி இருக்கிறது. 2011ல் 11,870 பேர். இருளர் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு என்றாலும் தனி மொழி என்பதே மொழியியலாளர் பலர் சொல்வது. அது நம் கணக்கில் இருக்கிறது. ஏன் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் பழங்குடிப் பட்டியலில் இருளர் என்று பதிவானவர்கள் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சமவெளியில் தமிழே பேசி, தமிழ் என்றே சொல்லிவிட்டார்கள். மிஞ்சியிருக்கும் சிறு தொகைக்காவது தன் பெயரில் ஒரு வரி வேண்டாமா?

இந்தி விஷயத்தில் நாம் என்ன சொல்கிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2011ல் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 லட்சம் என்று டில்லி சொன்னபோது, நம் பத்திரிகைகளும் தலைவர்களும் சரியாகவே கேட்டார்கள். அதில் இந்தி என்றே சொன்னவர்கள் 32 கோடி பேர்தானே? மீதி போஜ்புரி 5 கோடி, ராஜஸ்தானி 2 கோடியே 58 லட்சம் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட பேச்சுகளைக் கூட்டியதுதானே? நியாயமான கேள்வி. அதே கேள்வியை இருளர் நம்மைக் கேட்டால்? 6 கோடியே 90 லட்சம் என்ற தமிழ்க் கணக்கில் 11,870 பேரைத் தனியே எழுதினால் நமக்கு என்ன குறைந்துவிடும்? 4 கோடியே 37 லட்சத்தில் படுகைத் தனியே வைத்தால் கன்னடத்துக்குத்தான் என்ன நஷ்டம்? பெரிய வீட்டுக்கு அது சில்லறை. சின்ன வீட்டுக்கு அதுவே முழு ஆஸ்தி.

பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மூட்டை தொலைவது அபூர்வம். சீட்டு மாறி ஒட்டுவதுதான் அதிகம். மூட்டை எங்கோ ஒரு ஸ்டேஷனில் பத்திரமாகத்தான் கிடக்கும். ஆனால் உடையவன் பெயரைச் சொல்லிக் கேட்டால் "அப்படி ஒன்றும் வரவில்லையே" என்று பதில் வரும். 2011ல் ஜனங்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் மொத்தம் 19,569. அவற்றைச் சலித்து 1,369 ஆக்கினார்கள்; 1,474 பெயர்களை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் ஒதுக்கினார்கள். பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவற்றையும் தள்ளியபின் மிஞ்சியவை 270. அவற்றையும் கட்டுக்கட்டாகக் கட்டியபோது 121 மொழி. தோடர் மொழியும் கோத்தர் மொழியும் பத்தாயிரத்துக்குக் குறைவு என்பதால் அந்தப் பட்டியலில் ஒரு வரி கூடப் பெறவில்லை. 1961ல் 1,652 பெயர்களை வெளியிட்ட நாடு இது.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சின் வடகோடியில், கலே துறைமுகமும் நிலக்கரிச் சுரங்கங்களும் உள்ள பக்கத்தில் பிக்கார்டு என்று ஒரு மொழி உண்டு. லத்தீனிலிருந்து பிரெஞ்சு எப்படிப் பிறந்ததோ அப்படியே பிறந்த தங்கை அது. நமக்கும் கன்னடத்துக்கும் 'ப', 'ஹ' போல, பிரெஞ்சு 'ஷ' சொல்லும் பல இடத்தில் பிக்கார்டு 'க' சொல்கிறது. பிரெஞ்சுக்காரருக்குப் பூனை 'ஷா', பிக்கார்டுக்காரருக்குக் 'கா'. (நமக்கு அது காக்கை.) சுரங்கத் தொழிலாளியும் விவசாயியும் பேசியதால் அது கொச்சைப் பிரெஞ்சு என்று பெயர் வாங்கிற்று. பிள்ளைகள் அப்படிப் பேசினால் வாத்தியார் தண்டித்தார். தாய்மாரே வீட்டில் பிள்ளையோடு பிரெஞ்சு பேசத் தொடங்கினார்கள். பிழைப்புக்கு அதுதான் உதவும் என்று நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லையைத் தாண்டினால் பெல்ஜியம். அங்கும் ஒரு மூலையில் அதே பேச்சு. பெல்ஜியத்தின் பிரெஞ்சு சமூக ஆட்சி மன்றம் 1990ல் அதை வட்டார மொழி என்று சட்டத்தில் எழுதிவிட்டது. பிரான்சிலோ குடியரசின் மொழி பிரெஞ்சு என்று 1992ல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஆக, ரயிலில் ஒரு ஸ்டேஷன் தாண்டினால் மொழி, இந்தப் பக்கம் வந்தால் கொச்சை! 2008ல் அந்த வடக்கத்திப் பேச்சை வைத்து எடுத்த ஒரு சிரிப்புப் படத்தைப் பிரான்சில் 2 கோடிப் பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். சிரித்தார்கள். பள்ளிக்கூடங்களில் கற்பிக்கத் தகுந்த வட்டார மொழிகளின் பட்டியலில் பிரெஞ்சு சர்க்கார் அதைச் சேர்த்தது 2021 டிசம்பரில்தான். அதற்குள் அதைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். யுனெஸ்கோ பட்டியலில் கடும் ஆபத்தில் உள்ளது என்று அதற்குக் குறிப்பு. பிக்கார்டுக்கு வந்த மரியாதை தாமதமாக வந்தது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

கன்னட நாட்டிலேயே தமிழுக்கு உறவான ஒரு பேச்சும் இதே நிலையில் இருக்கிறது. சிவமொக்கா அருகே மத்தூர் என்ற கிராமத்தைப் பற்றி "சமஸ்கிருதம் பேசும் கிராமம்" என்று பத்திரிகைகள் படத்தோடு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளின் தாய்மொழி சங்கேதி. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களின் பேச்சு அது. பழந்தமிழோடு மலையாளச் சாயலும் கன்னடமும் கலந்தது. பத்ம பூஷண் விருது பெற்ற பாடகர் ருத்ரபட்டணம் ஆர்.கே. ஸ்ரீகண்டன் அந்தச் சமூகத்தவர்தான். கற்றுக்கொண்ட சமஸ்கிருதத்துக்குப் படம் போடுகிறார்கள். பிறந்தது முதல் பேசும் சங்கேதிக்கு ஒரு வரி இல்லை.

"ஒரு தடவை தலைப்பு போட்டுவிட்டால் மாற்ற முடியுமா?" என்று கேட்கலாம். முடிந்திருக்கிறது. மைதிலியை 1991 வரை இந்தியின் கீழேதான் எண்ணினார்கள். 2003ல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்தது. 2001 கணக்குப் புத்தகத்தில் 1 கோடியே 21 லட்சம் பேரோடு தனியே நின்றது. கொங்கணியை மராத்தியின் கிளை என்று வாதாடியவர்கள் எத்தனையோ பேர். 1975ல் சாகித்ய அகாதமி தனி இலக்கிய மொழியாக ஒப்புக்கொண்டது. 1992ல் எட்டாவது அட்டவணையிலும் ஏறியது. மைதிலிக்குக் கோடி ஜனம், கொங்கணிக்குக் கோவா. படுகருக்கு அவ்வளவு பலம் இல்லை. எட்டாவது அட்டவணை எல்லோருக்கும் எட்டுகிற கிளையும் அல்ல. ஆனால் பள்ளியில் ஆரம்ப வகுப்பில் பிள்ளைகளின் தாய்மொழிக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு போனால் அதிகாரி முதலில் கேட்பது, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" என்பதுதான். அதற்குப் பதில் புத்தகத்தில் தனி வரியாக இருக்க வேண்டும்.

தலைப்பு போடுவது டில்லி அதிகாரிகள் கையில். பெயரைச் சொல்வது நம் கையில். கணக்கெடுப்பவர்களுக்குத் தரும் கைப்புத்தகத்திலேயே விதி தெளிவாக இருக்கிறது. தாய்மொழி என்பது குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. தாய் இல்லாமல் வளர்ந்தவருக்கு அந்த வீட்டில் பேசிய மொழி. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். "இது கிளைமொழிதானே" என்று கணக்கெடுப்பவர் தாமாகத் திருத்தக்கூடாது. எழுத்து இல்லாத மொழியும் மொழிதான். தெரிந்த வேறு இரண்டு மொழிகளைத் தனியே சொல்ல இடம் உண்டு. ஆகவே சௌராஷ்டிரம் என்று சொன்னால் தமிழ் போய்விடாது. அது அடுத்த கட்டத்தில் ஏறும்.

நம் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. "எல்லோரும் தமிழ் என்றே எழுதுங்கள்" என்று சில சமயம் நோட்டீஸ் அச்சிடுகிறோம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பயந்தோ சலித்தோ வேறு எழுதிவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் சொல்வது சரி. ஆனால் பக்கத்து வீட்டுப் படுகரையும் சௌராஷ்டிரரையும் சேர்த்துக்கொண்டு தொகையைக் கூட்டப் பார்ப்பது, டில்லியை நாம் எதற்காகக் கண்டிக்கிறோமோ அதையே இங்கே செய்வதாகும்.

இன்னொன்று வீட்டுக்குள். குடும்பத் தலைவர் ஒருவரே வாசலில் நின்று எல்லோருக்கும் சேர்த்து "தமிழ், தமிழ், தமிழ்" என்று சொல்லிவிடுகிறார். கேள்வி ஆளுக்கு ஆள் தனி. மனைவி ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டிலிருந்து வந்தவரானால் அவருக்குத் தெலுங்கு, கணவருக்குத் தமிழ். பிள்ளைகளுக்கு அந்த அம்மா எந்த மொழியில் பேசி வளர்த்தாரோ அது. அவரையே கூப்பிட்டுக் கேட்டு எழுதச் சொல்வதில் ஒரு நிமிஷம் கூட ஆகாது.

படுகர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிலர் படகு என்கிறார்கள், சிலர் படுகு என்கிறார்கள், படித்த பிள்ளைகள் ஆங்கில உச்சரிப்பில் படகா என்கிறார்கள். ஒதுக்கித் தள்ளிய 1,474 பெயர்களின் கதை மேலே சொன்னேன். ஹட்டிக்கு ஹட்டி பேசி ஒரே பெயரை முடிவு செய்து, பெங்களூரிலும் கோவையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்லது.

இந்தத் தடவை மொபைல் போனிலேயே குறிக்கப் போகிறார்களாம். நாமே நிரப்பிக்கொள்ளவும் வழி வைப்பதாகச் சொல்கிறார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு நாலு பேர், ஐந்து பேராக ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும். ஆள் வரும் நேரத்தில் நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிற ஒருவர்தான் அறையில் இருப்பார். தூக்கக் கலக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். அவரவர் ஊர், வயது, தாய்மொழி மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.